கந்தரோடையில் வீழ்ந்த மேஜர்: இராமசாமி பரமேஸ்வரனும் பரம்வீர் சக்ரா விருதும்

இந்தியா தன் படையினருக்குப் போர்க்களத்தில் வழங்கும் அதியுயர் விருது பரம்வீர் சக்ரா. இன்றுவரை 21 பேருக்கு மட்டுமே அது வழங்கப்பட்டிருக்கிறது. காஷ்மீர், சியாச்சின், கார்கில், கிழக்குப் பாகிஸ்தான் எனப் பெரிய களங்களின் பெயர்கள் அந்தப் பட்டியலோடு ஒட்டியிருக்கின்றன. அவற்றின் நடுவே எங்கள் வலிகாமத்து மண்ணும் இருக்கிறது என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. 1987 நவம்பர் 25ஆம் திகதி கந்தரோடையில் நடந்த சண்டையில் உயிரிழந்த மேஜர் இராமசாமி பரமேஸ்வரன் அந்த 21 பேரில் ஒருவர். அவர் ஒரு தமிழர்.

இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் நின்று செத்த ஒரு தமிழ் அதிகாரியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை குறைவு. அவர் எங்கே பிறந்தார், எப்படி இங்கே வந்தார், எதற்காக அந்த விருது வழங்கப்பட்டது, அந்த விருது எதைச் சொல்கிறது என்று என்னால் உறுதியாகச் சொல்லக் கூடியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன். புகழ் பாடவோ வசை பாடவோ இதை எழுதவில்லை.

பம்பாய்த் தமிழர்

பரமேஸ்வரன் 1946 செப்ரெம்பர் 13ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். தென்னிந்தியக் குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் போய் வேரூன்றிய நகரம் அது. மாதுங்கா, சயன் பகுதிகளில் தமிழ்க் கோயில்களும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடைகளும் அந்தக் காலத்திலேயே இருந்தன. அங்குள்ள தென்னிந்தியர் தங்கள் பிள்ளைகளுக்கென 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பாடசாலையில்தான் அவர் படித்தார். அதே சங்கத்தின் கல்லூரியில் 1968இல் விஞ்ஞானப் பட்டம் பெற்றார்.

1971இல் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பாடசாலையில் சேர்ந்தார். 1963இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 1972 ஜூன் 16ஆம் திகதி மஹார் ரெஜிமென்டின் 15ஆவது பட்டாலியனில் அதிகாரியானார். அங்கே எட்டு ஆண்டுகள் இருந்தார். பின்னர் அதே ரெஜிமென்டின் 5ஆவது பட்டாலியனில் பணியாற்றினார். மிசோரம், திரிபுரா போன்ற வடகிழக்கு மாநிலங்களில் ஆயுதக் குழுக்களுக்கு எதிரான நடவடிக்கைகளில் ஈடுபட்ட அனுபவம் அவருக்கு இருந்தது.

மஹார் ரெஜிமென்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மராட்டியத்தில் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட மஹார் சமூகத்தின் பெயரால் 1941இல் உருவாக்கப்பட்ட படைப்பிரிவு அது. டாக்டர் அம்பேத்கர் பிறந்த சமூகமும் அதுவே. பிற்காலத்தில் எல்லாச் சமூகத்தினரும் அதில் சேர்க்கப்பட்டனர். 1987இல் இந்திய இராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் சுந்தர்ஜியும் மஹார் ரெஜிமென்டில் இருந்து வந்தவர். அவரும் செங்கல்பட்டில் பிறந்த தமிழர். யாழ்ப்பாணத்தைப் பிடிக்கும் நடவடிக்கை நடந்தபோது படையின் உச்சியில் இருந்தவரும், அதில் செத்து அதியுயர் விருது பெற்றவரும் தமிழர்கள். இருவரும் ஒரே ரெஜிமென்டின் ஆட்கள். அந்த ரெஜிமென்டுக்குக் கிடைத்த ஒரேயொரு பரம்வீர் சக்ராவும் பரமேஸ்வரனுடையதே.

அமைதிப்படை போர்ப்படையான கதை

1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டனர். அதைத் தொடர்ந்து இந்திய அமைதி காக்கும் படை பலாலியில் வந்து இறங்கியது. சனம் மாலை போட்டு வரவேற்றது. வடமராட்சியில் நடந்த 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கையைக் கண்டு நடுங்கிப் போயிருந்த சனத்துக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இதை இன்று சொல்ல எங்களில் சிலருக்குக் கூச்சம் இருக்கலாம். ஆனால் நடந்தது அதுதான். இந்தத் தடவை பரமேஸ்வரன் 8ஆவது மஹார் பட்டாலியனோடு வந்திருந்தார்.

அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. செப்ரெம்பர் 26ஆம் திகதி நல்லூர் வீதியில் திலீபன் உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்தார். ஒக்டோபர் 5ஆம் திகதி, கடலில் பிடிபட்டுப் பலாலியில் தடுத்து வைக்கப்பட்டிருந்த குமரப்பா, புலேந்திரன் உட்படப் பன்னிருவர் சயனைட் அருந்தி இறந்தனர். கிழக்கில் சிங்கள மக்கள் கொல்லப்பட்டனர். ஒக்டோபர் இரண்டாவது வாரத்தில் 'ஒப்பரேஷன் பவன்' என்ற பெயரில் இந்தியப் படை யாழ்ப்பாணத்தை நோக்கி நகரத் தொடங்கியது.

முதல் இரவுகளில் ஒன்றிலேயே இந்தியப் படைக்குப் பேரடி விழுந்தது. ஒக்டோபர் 11ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி யாழ். பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகொப்டர்களில் இருந்து இறக்கப்பட்ட 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்தனர், ஒருவர் பிடிபட்டார். யாழ். நகரம் ஒக்டோபர் இறுதிக்குள் இந்தியப் படையின் கைக்கு வந்தபோது அந்தப் படை 200இற்கும் மேற்பட்டவர்களை இழந்திருந்தது. சனத்தின் இழப்புக்கு அந்த அளவுக்குத் திருத்தமான கணக்கு எவரிடமும் இல்லை. வீடுகளை விட்டுக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் தஞ்சம் புகுந்தவர்கள் பல்லாயிரம் பேர். நல்லூர் கந்தசுவாமி கோயிலும் அதன் சுற்றுப்புறமும் ஒரு பெரிய அகதி முகாமாகவே மாறிவிட்டன.

நகரம் விழுந்தாலும் சண்டை முடியவில்லை. புலிகள் ஊர்களுக்குள் கரைந்து, கண்ணிவெடியாலும் பதுங்கித் தாக்குதலாலும் பதில் கொடுத்தார்கள். இந்தியப் படை ஊர் ஊராகச் சுற்றிவளைப்புத் தேடுதல்களில் இறங்கியது. நவம்பர் மூன்றாம் வாரத்தில் இந்தியா 48 மணி நேர ஒருதலைப் போர்நிறுத்தம் ஒன்றை அறிவித்தது. அது பலனளிக்கவில்லை. தேடுதல்கள் மீண்டும் தொடங்கின. பரமேஸ்வரனின் கடைசிப் பயணம் அவற்றில் ஒன்று.

நவம்பர் 25

கந்தரோடையை எங்கள் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுன்னாகத்துக்கு அருகே, உடுவில் பிரதேசத்தில் உள்ள பழைய ஊர். முருகைக்கல்லால் கட்டப்பட்ட சிறு தூபிகளாலும், பாடப் புத்தகங்களில் வரும் கதிரமலை என்ற பெயராலும் அறியப்படுவது. தோட்டமும் பனையும் தென்னையும் குறுகிய ஒழுங்கைகளும் வேலிகளும் கொண்ட நிலம். அந்த ஒழுங்கைகளைத் தெரிந்தவனுக்கு அவை பாதுகாப்பு, தெரியாதவனுக்குப் பொறி.

ஊரில் ஒரு வீட்டில் ஆயுதங்கள் இறக்கப்பட்டிருப்பதாகக் கிடைத்த தகவலின் பேரில் படையினர் அங்கே போனதாகப் பின்னாளில் வந்த இந்திய நூல்களும் கட்டுரைகளும் சொல்கின்றன. பரமேஸ்வரன் தன் அணியோடு அங்கு சென்றார். தேடுதல் முடிந்து திரும்பும் வழியில் அவர்கள் பதுங்கித் தாக்குதலுக்குள் அகப்பட்டனர்.

விருதுக்காக இந்திய அரசு வெளியிட்ட சான்றுரை மிகச் சுருக்கமானது. அது சொல்வதை என் சொற்களில் தருகிறேன். தேடுதல் முடிந்து பின்னிரவில் திரும்பிக்கொண்டிருந்த அணியைத் தீவிரவாதிகள் மறைந்திருந்து தாக்கினர். பரமேஸ்வரன் பதறாமல், தாக்கியவர்களைப் பின்புறமாகச் சுற்றிவளைத்து, அவர்கள் எதிர்பாராத நேரத்தில் மேலே பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவரை நெஞ்சில் சுட்டார். அவர் அந்த ஆளின் துப்பாக்கியைப் பறித்து அவரைச் சுட்டுக் கொன்றார். படுகாயத்தோடும், உயிர் போகும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து தீவிரவாதிகள் கொல்லப்பட்டனர். மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ரொக்கெட் லோஞ்சர்களும் கைப்பற்றப்பட்டன.

பின்னர் எழுதப்பட்ட விவரணங்களில் சில விடயங்கள் இதிலிருந்து வேறுபடுகின்றன. விடிந்த பிறகு நடந்த சண்டை என்று சொல்பவையும் உண்டு. நெஞ்சில் சூடு படுமுன்பே அவருடைய கை சிதைந்துவிட்டது என்றும் எழுதியிருக்கிறார்கள். போர்க்களச் சம்பவங்கள் பின்னால் வளர்த்துச் சொல்லப்படுவது எல்லாப் படைகளிலும் நடப்பதே. தன் ஆட்களைப் பொறிக்குள் விட்டுவிட்டு ஓடாமல், முன்னால் போய்ச் செத்த அதிகாரி அவர் என்பதில் இந்த விவரணங்கள் எல்லாம் ஒத்துப்போகின்றன. அப்போது அவருக்கு வயது 41.

சான்றுரையை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இரண்டு விடயங்கள் கண்ணில் படுகின்றன. ஒன்று, அதில் ஊரின் பெயர் இல்லை. 'இலங்கையில்' என்று மட்டும் இருக்கிறது. மற்றையது, எதிரே நின்றவர்கள் ஓர் எண்ணாக மட்டும் வருகிறார்கள். ஐந்து என்ற அந்த எண்ணுக்குள் ஐந்து பெயர்கள் இருந்திருக்கும். அவர்களுக்கும் ஊர் இருந்திருக்கும், தாய்மார் இருந்திருப்பார்கள். தமிழ் அதிகாரி ஒருவரும், தமிழ்ப் பெடியளும் ஒருவருக்கொருவர் எட்டிப் பிடிக்கக்கூடிய தூரத்தில் நின்று கொன்று செத்திருக்கிறார்கள். அந்த அணியில் வேறெவருக்கும் விளங்காவிட்டாலும், எதிர்ப்பக்கம் கத்தியது அவருக்கு மட்டும் விளங்கியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

விருது ஒத்துக்கொண்ட உண்மை

1988 ஜனவரி 26, இந்தியக் குடியரசு தினத்தன்று பரமேஸ்வரனுக்கு மரணத்தின் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. சியாச்சின் பனிமலையில் 1987 ஜூனில் ஒரு காவலரணைக் கைப்பற்றிய பாணா சிங்கும் அதே ஆண்டு இதே விருதைப் பெற்றார். அதற்குப் பிறகு 1999 கார்கில் போர்வரை வேறு எவருக்கும் அது கிடைக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய சட்ட நுணுக்கம் ஒன்று இருக்கிறது. இந்தியாவின் வீர விருதுகள் இரண்டு வரிசைகளில் அமைந்தவை. பரம்வீர் சக்ரா, மஹாவீர் சக்ரா, வீர் சக்ரா மூன்றும் 'எதிரியின் முன்னிலையில்' காட்டிய வீரத்துக்கானவை. அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா மூன்றும் எதிரியோடு போரிடும் களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கானவை. 1984இல் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் இராணுவம் புகுந்து மிகக் கடுமையான சண்டை நடந்தபோதும், அதில் வீரம் காட்டியவர்களுக்கு வழங்கப்பட்ட அதியுயர் விருது அசோக சக்ராதான்.

மூன்று ஆண்டுகள் கழித்து யாழ்ப்பாணத்தில் நடந்ததற்குப் போர்க்கால விருதுகளே வழங்கப்பட்டன. பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா. வேறு பலருக்கு மஹாவீர் சக்ராவும் வீர் சக்ராவும். அமைதி காக்கப் போனவர் இந்த விருதைப் பெற்றது அதுவே முதல் தடவையல்ல. 1961 டிசெம்பரில் கொங்கோவில் ஐ.நா. படையில் இருந்து எலிசபெத்வில்லில் இறந்த கப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவும் அதைப் பெற்றவர். பெயர்ப்பலகையில் அமைதி என்று எழுதியிருந்தாலும் நடந்தது போர் என்பதை இரண்டு இடங்களிலும் விருதே ஒத்துக்கொள்கிறது.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. போர் என்றால் போருக்கு விதிகள் உண்டு. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளை ஏற்ற நாடு இந்தியா. 1960இல் அதற்கென உள்நாட்டுச் சட்டமும் இயற்றியது. உள்நாட்டு ஆயுத மோதலுக்கும் பொருந்தும் அந்த உடன்படிக்கைகளின் மூன்றாவது உறுப்புரை, ஆயுதம் ஏந்தாதவரையும், காயப்பட்டு நோயுற்றுக் கிடப்பவரையும் கொல்லக் கூடாது என்கிறது. அது புலிகளையும் கட்டுப்படுத்தும். அரச படையையும் கட்டுப்படுத்தும்.

விருதில் இல்லாத ஏடு

கந்தரோடைச் சண்டைக்கு ஐந்து வாரங்களுக்கு முன், 1987 ஒக்டோபர் 21ஆம் திகதி தீபாவளி நாளில், இந்தியப் படையினர் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் புகுந்து சுட்டனர். மறுநாளும் அது தொடர்ந்தது. நோயாளர், ஊழியர் என ஏறத்தாழ 70 பேர் கொல்லப்பட்டனர். குழந்தை வைத்திய நிபுணர் ஏ. சிவபாதசுந்தரம், வைத்தியர்கள் பரிமேலழகர், கணேசரத்தினம் ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். மறுநாட் காலை, தாங்கள் வைத்தியர்களும் தாதியரும்தான் என்று சொல்லிக்கொண்டு கைகளை உயர்த்தியபடி வந்தபோதுதான் சிவபாதசுந்தரம் சுடப்பட்டார். உள்ளிருந்து புலிகள் சுட்டதாகவும், இடையில் அகப்பட்டவர்களே இறந்ததாகவும் இந்தியத் தரப்பு சொன்னது. எவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

பல்கலைக்கழகத் தரையிறக்கம் நடந்த அதே நேரத்தில் கொக்குவில் பிரம்படியில் வீடுகளுக்குள் இருந்த சனமும் கொல்லப்பட்டது. 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி வல்வெட்டித்துறையில் 50இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். யாழ். மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, தன் சக ஆசிரியர்களோடு சேர்ந்து 'முறிந்த பனை' நூலில் இந்தக் காலத்தின் கொடுமைகளை எல்லாத் தரப்பையும் சேர்த்துப் பதிவு செய்தார். அவரும் 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி திருநெல்வேலியில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்.

வைத்தியசாலையில் நடந்ததோடு பரமேஸ்வரனின் பெயரை இணைக்கும் எந்தப் பதிவையும் நான் கண்டதில்லை. ஒருவர் செய்த குற்றத்தை இன்னொருவர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரே படை, ஒரே நடவடிக்கை, ஒரே ஐந்து வாரங்கள். அதில் ஓர் அதிகாரியின் கடைசி நிமிடங்களை விசாரித்து, சாட்சி கேட்டு, எழுதி, வர்த்தமானியில் வெளியிட அந்த அரசால் இரண்டே மாதங்களில் முடிந்தது. வைத்தியசாலையில் இறந்தவர்களின் கடைசி நிமிடங்களைப் பற்றி அதே அரசு இத்தனை ஆண்டுகளாக ஒரு பக்கம்கூட வெளியிடவில்லை.

நினைவுகளின் கணக்கு

கடைசி இந்தியத் துருப்புகள் 1990 மார்ச் 24ஆம் திகதி இலங்கையை விட்டுப் போயின. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இங்கே உயிரிழந்திருந்தனர். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. வந்தபோது மாலை வாங்கிய படை, திரும்பிப் போய்த் தமிழ்நாட்டில் இறங்கும்போது வரவேற்பின்றி இறங்கியது.

ஆனால் பரமேஸ்வரனை அவரது நாடு மறக்கவில்லை. அவர் பயிற்சி பெற்ற சென்னை நிறுவனத்தின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அங்கே பயிற்சி முடிக்கும் இளம் அதிகாரிகள் அந்த மைதானத்தில்தான் அணிவகுக்கிறார்கள். 2023 ஜனவரி 23ஆம் திகதி அந்தமானின் 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்கள் இடப்பட்டபோது ஒரு தீவு அவர் பெயரைப் பெற்றது. இங்கே இறந்த இந்தியப் படையினருக்குப் பலாலியில் ஒரு நினைவிடமும், கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் இன்னொரு நினைவிடமும் இருக்கின்றன.

பலாலியில் இருந்து சிறிது தூரத்திலுள்ள கோப்பாயின் கதை வேறு. அங்கிருந்த மாவீரர் துயிலும் இல்லம் இரண்டு தடவை இடிக்கப்பட்டது. போர் முடிந்த பின், 2011இல், அந்த நிலத்திலேயே இலங்கை இராணுவத்தின் 51ஆவது டிவிசன் தலைமையகம் கட்டித் திறக்கப்பட்டது. இந்தியப் படையினருக்கு எதிரான சண்டைகளில் இறந்தவர்களின் பெற்றோர் விளக்கேற்ற நடுகல்லும் இல்லாமல், வீதியோரத்தில் நின்று அழுதுவிட்டுப் போகிறார்கள். நவம்பர் 25 பரமேஸ்வரனின் நினைவு நாள்; இரண்டு நாள் கழித்து வருகிறது நவம்பர் 27. வைத்தியசாலையில் இறந்தவர்களை ஆண்டுதோறும் ஒக்டோபர் 21இல் அங்குள்ள ஊழியர்களே படங்களுக்கு முன் விளக்கேற்றி நினைவுகூருகிறார்கள்.

பலாலி நினைவிடத்தை இடிக்க வேண்டும் என்று நான் எண்ணியதில்லை. கட்டளைக்குக் கீழ்ப்படிந்து வந்து, மொழி தெரியாத ஊரில் செத்த ஏழைக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களே அங்கே பெரும்பாலும் இருக்கும். அவர்களுடைய தாய்மாரும் எங்கள் தாய்மாரைப் போல்தான் அழுதிருப்பார்கள். மேஜர் பரமேஸ்வரனின் துணிவையும் துணிவென்றே சொல்வேன். பொறிக்குள் அகப்பட்ட ஆட்களுக்காக முன்னால் பாய்ந்து செத்தவரை வேறு எப்படிச் சொல்வது?

ஆனால் அவருக்கு அந்த விருதைக் கொடுத்த நாளில் இந்தியா ஒரு விடயத்தை எழுத்தில் ஒத்துக்கொண்டுவிட்டது: 1987 இறுதியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது போர். போரில் வீரத்துக்கு ஏடு இருப்பதுபோல் போரில் நடந்த கொலைக்கும் ஏடு இருக்க வேண்டும். முதலாவது ஏடு 1988 ஜனவரியில் திறக்கப்பட்டது. மற்ற ஏட்டையும் திறக்கும்படி கேட்பதற்கு வைத்தியசாலையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும், பிரம்படிக்கும், வல்வெட்டித்துறைக்கும் உரிமை இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கண்ணால் கண்ட சாட்சிகளும் அவர்களோடு போகின்றன. பெயர், வயது, ஊர், இறந்த இடம் என நான்கு விவரங்களையாவது அவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வைப்பது எங்கள் பொறுப்பு.